ஒத்தை ஆள் கூடாரம்

தாணுலிங்கம் ஐயாவிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும். அவரோடு நடக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே ஐயா, என்ன செய்ய?" என்று ஜெபஸ்டின் ஒருமுறை கேட்டுவிட்டான். ஐயா ஒரு கூறு சின்ன வெங்காயத்தை அவன் முன்னால் கொட்டி உரிக்கச் சொன்னார். உரித்து முடித்தபோது அவனுக்குக் கேள்வி மறந்துபோயிருந்தது. குழம்பு மட்டும் அன்றைக்கு நன்றாக இருந்தது.

ஐயா என்றதும் காவி, தாடி என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழுப்பு ஸ்வெட்டர், மங்கி குல்லா, தோளில் ஒரு பை. ஒரு காலத்தில் தென்காசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பின்னாலேயே ஒருவர் நடந்தார், அப்புறம் இன்னொருவர். இப்போது தை பிறந்ததும் சிலர் அவரோடு ஆனைத்தலை மலைக்கு நடந்துபோய், அடிவாரத்துப் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கி, உச்சிச் சுனையில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதில் கூடாரப் பொறுப்பு தங்கப்பழம் அண்ணாச்சியுடையது. அவர் ஊரில் பந்தல் காண்ட்ராக்ட் எடுப்பவர். ஐயாவை விட வயதில் மூத்தவர், அதனால் ஐயாவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சாத்தான்குளம் வட்டாரத்தில் அவர் பந்தக்கால் நடாத கல்யாண வீடு கிடையாது. அவருக்கென்று ஒரு பந்தக்கால் நடத்தான் நேரம் வரவில்லை. தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்துவிட்டது.

பந்தல்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்துவிடுவார். எல்லாரும் உள்ளே போன பிறகு வெளியே நிற்பார். எந்தக் கயிறு தளர்கிறது, எந்தக் கால் ஆடுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் உண்டு, இல்லையென்றால் கடைசிப் பந்தி. அண்ணாச்சி வாழ்நாள் பூராவும் தான் போட்ட பந்தலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்.

இந்த வருஷம் கிளம்பும்போதே ஒரு முடிவோடு இருந்தார். இதுதான் கடைசி நடை. திரும்பியதும் கூடார மூட்டையை ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு கிடந்துவிட வேண்டியது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றால் யாரும் இல்லை. யாரும் இல்லாத வீட்டில் தனியாக இருப்பது அவருக்குப் பழகிவிட்டது. நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கிற இடத்தில் தனியாகப் படுப்பதுதான் பழகவில்லை. எத்தனை வருஷமாக நடக்கிறார், ஒரு ராத்திரியாவது யாராவது "அண்ணாச்சி, இங்கன வந்து படுங்க" என்று கூப்பிட்டது கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பது அவர் மனசைத் தவிர யாருக்கும் தெரியாது.

பழைய கூடாரங்கள் நைந்துபோனதால் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. "நீங்களே பார்த்து எடுங்க அண்ணாச்சி" என்று ஐயா சொல்லிவிட்டார். அண்ணாச்சி மதுரைக்குப் போனார். கடையில் ஒரு பெண் வந்து விசாரித்தாள்.

"எத்தனை பேர் சார்?"

"ஆறு பேரும்மா. அதுல ஒரு புருஷன் பொஞ்சாதி."

"அவங்களுக்கு ரெண்டு பேர் டென்ட் ஒண்ணு. மிச்சம் நாலு பேருக்கு ரெண்டு ரெண்டு பேரா இன்னும் ரெண்டு. சரியாப் போச்சு."

"அதெப்படி? எங்க ஐயா இருக்காரே."

"ஐயான்னா?"

"ஐயான்னா ஐயாதாம்மா. அவருக்குத் தனியா வேணும். இருக்கதுலயே பெருசா, நல்லதா எடு."

அவள் ஒன்றை விரித்துக் காட்டினாள். மூன்று பேர் படுக்கிற கூடாரம். இரட்டைத் துணி, மழை இறங்காது. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். பின்பக்கம் படுத்தால் தலை மட்டத்துக்கு ஒரு வலைச் சன்னல், குளிரடித்தால் ஜிப் இழுத்து மூடிக்கொள்ளலாம். அண்ணாச்சி தையலைத் தடவிப் பார்த்தார், கம்பியை வளைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல அவர் ஒருத்தர் மட்டுமா படுப்பாரு?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"ஒருத்தருக்கு இது ரொம்பப் பெருசு சார். உள்ளே படுக்கிற ஆளோட உடம்புச் சூடுதான் டென்ட்டைச் சூடாக்கும். மூணு பேர் இடத்துல ஒருத்தர் படுத்தா குளிர் தாங்காது."

"எங்க ஐயாவைக் குளிரெல்லாம் ஒண்ணும் செய்யாதும்மா."

அவள் இரண்டு பேர் கூடாரம் இரண்டு எடுத்துவைத்தாள். "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே?"

"அது நான்தான்."

"நீங்க யார்கூடப் படுப்பீங்க?"

சின்னக் கேள்விதான். அண்ணாச்சி கூடாரப் பையின் கயிற்றை ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார்.

"எனக்கு ஒத்தை ஆள் டென்ட் போதும்" என்றார். "யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம்."

ஆனைத்தலை அடிவாரத்துப் புல்வெளி ஏலத்தோட்டக்காரர் ஒருவருடையது. மேலே மேடு, கீழே ஒரு கற்சுவர், சுவரை ஒட்டி அடுப்பு. போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எல்லாரும் மூட்டையை இறக்கிவிட்டுக் காலை நீட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் உட்காரவில்லை. புல்லை மிதித்து மிதித்துப் பார்த்தார். எறும்புப் புற்று இருக்கிறதா, மேலே பட்ட கிளை தொங்குகிறதா, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று பார்த்துக்கொண்டே மேட்டுக்கு ஏறினார்.

ஐயாவுக்கு இடம் தேர்ந்தெடுப்பது அவருக்கு ஒரு பூஜை மாதிரி. அடுப்புப் புகை அண்டக்கூடாது. குறட்டைச் சத்தம் எட்டக்கூடாது. கண் விழித்தால் மலை தெரிய வேண்டும், மனுஷன் தெரியக்கூடாது. கடைசியில் மேட்டின் உச்சியில், மற்றவர்கள் கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரத்தில், கூடாரத்தின் முதுகை எல்லாருக்கும் காட்டி, வாசலை மலைக்குத் திருப்பிப் போட்டார். பள்ளத்துக் காற்று முதுகில் மோதட்டும், வாசலில் வீசாது. தரை லேசாகச் சரிந்திருந்ததால் தலைமாடு மேட்டுப் பக்கம், அதாவது வாசலை ஒட்டி வருகிற மாதிரிப் படுக்கையை விரித்தார். பின் சன்னலின் ஜிப்பை இழுத்து மூடினார். சுற்றி வந்து ஒவ்வொரு முளையையும் மிதித்துப் பார்த்தார்.

"பிரமாதம் அண்ணாச்சி" என்றார் ஐயா.

"ஐயாவுக்கு இங்கன ஒரு தொந்தரவும் வராது."

"வராது" என்று ஐயா ஒத்துக்கொண்டார்.

அண்ணாச்சி கீழே இறங்கி வந்தார். மாசானமுத்துவும் அவர் மனைவி செண்பகக்கனியும் தங்கள் கூடாரத்தைத் தாங்களே போடப் பார்த்து, கம்பியை மாற்றிச் சொருகி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிரித்துச் சரியாகப் போட்டுக் கொடுத்தார். பிறகு மெடிக்கல் ஷாப் ஜெபஸ்டினுக்கும் எலக்ட்ரீஷியன் பரமனுக்கும். அவர்கள் உள்ளே நுழைந்து, யார் எந்தப் பக்கம் என்று அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"நீ குறட்டை விடுவே, அந்தப் பக்கம் போ."

"நானாவே? உம்ம குறட்டைக்கு போன வருஷம் நரி ஊளையிட்டுதே, மறந்துபோச்சா?"

சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகுதான் அண்ணாச்சி தன் ஒத்தை ஆள் கூடாரத்தை எடுத்தார். அடுப்புச் சுவரோரம் கிடைத்த இடத்தில் போட்டார். உள்ளே உட்காரக்கூட முடியாது, சாக்குக்குள் நுழைகிற மாதிரி ஊர்ந்துதான் போக வேண்டும். பரமன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சிக்கு என்ன, தனி பங்களா!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஊர்ந்து உள்ளே போய் ஜிப்பை இழுத்த பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் செண்பகக்கனி போர்வைக்காகச் சண்டை போட்டாள். இன்னொரு பக்கம் ஜெபஸ்டின் ஏதோ கதை சொல்ல, பரமன் இருமி இருமிச் சிரித்தான். நடுவில் துணிச்சுவருக்குள் அண்ணாச்சி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். கல்யாண வீட்டில் மேளம் உள்ளே வாசிக்க, வெளியே நின்று கேட்டுக் கேட்டே காது பழகிய மனுஷன்தான். என்றாலும் அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை.

விடிவதற்கு முன்னாலேயே சுனைக்கு ஏற வேண்டும். அண்ணாச்சி கருப்பட்டிக் காப்பியோடு மேட்டுக்குப் போனபோது ஐயா வெளியே நின்று நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"தலைவலியா ஐயா?"

"லேசா."

அண்ணாச்சி கூடாரத்தின் பின்னால் சுற்றி வந்தார். சன்னல் ஜிப் திறந்து கிடந்தது. இது புதிதல்ல. பழைய கூடாரத்திலும் இப்படித்தான், ராத்திரி மூடிவிட்டுப் போனால் காலையில் திறந்திருக்கும். ஞானம் எவ்வளவு இருந்து என்ன, சன்னலை மூடணும் என்கிற ஞாபகம் இல்லையே என்று மனசுக்குள் செல்லமாகக் கடிந்துகொண்டார். மூட்டை முடிச்சைப் பிறகு பார்க்கலாம் என்று ஐயா அவசரப்படுத்தவே, படுக்கையைக்கூடச் சுருட்டாமல் எல்லாரும் கிளம்பினார்கள்.

சுனையில் குளித்துவிட்டு இறங்கும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஐயாவும் அண்ணாச்சியும் மட்டும் பின்னால். கேட்டுவிடலாமா வேண்டாமா என்று அண்ணாச்சி ஒரு பாறைக்கு ஒரு பாறை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். புல்வெளி கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார்.

"ஐயா, அடுத்த வருஷத்துக்கு டென்ட் மூட்டையை யார்கிட்டக் குடுக்கணும்னு சொல்லுங்க."

"ஏன்?"

"நான் வரலை. இதோட நிறுத்திக்கிடுதேன்."

ஐயா ஒரு பாறையில் உட்கார்ந்தார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் ஐயா. கேட்டா நீங்க வேலைதான் குடுப்பீங்க, தெரியும். இருந்தாலும் கேக்கேன். எல்லாருக்கும் நான்தான் டென்ட் போடுதேன். ஒரு முளை ஆடாது, ஒரு சொட்டு இறங்காது. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது 'அண்ணாச்சி, எங்ககூட வந்து படுங்க'ன்னு சொல்லலியே, ஏன் ஐயா? நான் என்ன தீண்டத்தகாதவனா? எனக்கு வாயில்லையா, சிரிக்கத் தெரியாதா?" குரல் உடைந்துவிட்டது. "தனியாக் கெடந்து கெடந்து நெஞ்சு காஞ்சுபோச்சு ஐயா."

கீழே செண்பகக்கனி அடுப்பு மூட்டுவது தெரிந்தது. புகை நேராக மேலே ஏறியது. ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என் டென்ட்ல நீங்க படுங்க" என்றார். "உங்க டென்ட்ல நான் படுக்கேன்."

"ஐயோ, ஐயா படுக்கற இடத்துலயா?"

"படுக்கையை மாத்திப் போட வேண்டாம். கெடக்க மாதிரியே படுங்க. காலையில திரும்பக் கேளுங்க."

கேள்விக்கு வேலை வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். மனசைத் திறந்து கொட்டினால் படுக்கையை மாற்றச் சொல்கிறாரே, இதற்கு வெங்காயம் உரித்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் ஐயா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் மங்குவதற்குள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். ஐயா யாருக்கும் சொல்லாமல் சுவரோரத்துக் கூடாரத்துக்குள் ஊர்ந்து போய்விட்டார்.

அண்ணாச்சி ஜிப்பைத் திறந்து உள்ளே போனார். முதலில் தோன்றியது, எவ்வளவு பெரிசு என்பதுதான். ஒரு மூலையில் ஐயாவின் பை, நடுவில் படுக்கை, மீதியெல்லாம் வெறும் தரை. கடைக்காரப் பெண் சொன்னது பொய்யில்லை. வெளியே இருந்ததை விட உள்ளே குளிர்ந்தது.

படுக்கையைப் பார்த்ததும் திடுக்கென்றது. அது திரும்பிக் கிடந்தது. அவர் வாசல் பக்கம் வைத்த தலையணை இப்போது எதிர்ப்பக்கம், பள்ளத்துப் பக்கம், பின் சன்னலுக்கு அடியில் இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. தொழில்காரர் அல்லவா! தலை கீழே, கால் மேலே என்று படுத்தால் காலையில் மண்டை கனக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குச் சன்னலையும் திறந்துபோட்டால் காற்று நேராக உச்சந்தலையில் அடிக்காதா? இவ்வளவு பார்த்துப் பார்த்து விரித்த படுக்கையை ஏன் இப்படிக் கெடுத்தார்? திருப்பிப் போடக் கையை வைத்தவர், ஐயா சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்தார். சரி, கழுதை, ஒரு ராத்திரிதானே என்று அப்படியே படுத்தார்.

வாசலுக்கு வெளியே மலை நின்றது. அவ்வளவுதான். ஒரு இலை அசைகிற சத்தமில்லை, ஒரு மனுஷக் குரல் இல்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது. இந்த அமைதியைத்தான் வருஷா வருஷம் தேடிக் கண்டுபிடித்து ஐயாவுக்குக் கொடுத்தோம் என்று பெருமைப்பட நினைத்தார். பெருமை வரவில்லை.

அப்போது பள்ளத்துக் காற்று கிளம்பி மேட்டில் ஏறியது. தலைக்கு மேலே சன்னல் வலை படபடத்தது. காற்றோடு ஒரு குரலும் வந்தது.

"...போர்வை மொத்தத்தையும் இழுத்துக்கிட்டா, நான் என்ன மரக்கட்டையா?"

செண்பகக்கனி! அண்ணாச்சி வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். சத்தம் நின்றுவிட்டது. மறுபடி படுத்தார். தலையணையில் தலை பட்டதும் மறுபடி கேட்டது. மெல்லிசாக, துண்டு துண்டாக. மாசானமுத்து என்னவோ சமாதானம் சொன்னார். ஜெபஸ்டின் ஒரு கதையை ஆரம்பித்தான், பாதியில் காற்று விழுந்துவிட்டது, கதையும் நின்றுவிட்டது. அடுத்த காற்றில் பரமனின் சிரிப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

நகர்ந்து வாசல் பக்கம் தலையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சன்னல் ஜிப்பை மூடிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சன்னலைத் திறந்து, அதன் அடியில், தலையைப் பள்ளத்தில் வைத்துப் படுத்தால்தான் கேட்டது. அந்தக் கூடாரம் முழுக்க மனுஷர் சத்தம் வருகிற இடம் அந்தத் தலையணை ஒன்றுதான்.

ஐயா அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

அண்ணாச்சிக்குப் போன வருஷம் ஐயாவின் கூடாரத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் போட்டது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம் பாறைக்குப் பின்னால். அதற்கும் முன்னால் ஒரு முறை, இன்னும் தூரமாக இடம் கிடைக்கவில்லையே என்று ஐயாவிடமே வருத்தப்பட்டிருக்கிறார். அப்போதும் ஐயா பிரமாதம் என்றுதான் சொன்னார். ஒவ்வொரு காலையும் சன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு காலையும் ஐயா நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றார். தான் காப்பியைக் கொடுத்துவிட்டு, சன்னலை மூட மறந்த மனுஷன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை, வாய்விட்டு அழுதார். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. அவ்வளவு தூரத்தில்தான் அந்தக் கூடாரத்தை அவரே போட்டிருந்தார்.

விடிந்தது. கீழே ஒரே கூச்சல். தீப்பெட்டி கேட்டு பரமன் சுவரோரத்துக் கூடாரத்தைத் தட்டியிருக்கிறான். "அண்ணாச்சி, ஏ அண்ணாச்சி, எந்திரிங்க, பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" என்று காலைப் பிடித்து இழுக்க, மங்கி குல்லாவோடு ஐயா வெளியே வந்திருக்கிறார். பரமன் இழுத்த காலை அப்படியே தொட்டுக் கும்பிட்டுவிட்டான் என்று ஜெபஸ்டின் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அண்ணாச்சி இறங்கி வந்தார். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. ஐயா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஓடைக்குப் போய்விட்டார்கள்.

"கேளுங்க அண்ணாச்சி" என்றார் ஐயா.

"தலைவலி இருக்கா ஐயா?"

"இன்னைக்கு இல்ல. நல்ல தூக்கம். ரெண்டு பக்கமும் குறட்டை."

அண்ணாச்சி அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. இத்தனை வருஷம்..."

"அவ்வளவு பிரியமாப் போட்டுக் குடுத்தீங்க அண்ணாச்சி. எப்படிச் சொல்ல?"

அண்ணாச்சி ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மேட்டுக்குப் போய் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

அன்றைக்கு ஒரு ராத்திரியும் அங்கேதான் தங்கல். பெரிய கூடாரத்தை அவர் கீழே கொண்டுவந்து, மற்ற இரண்டுக்கும் நடுவில், அடுப்பைப் பார்த்து வாசல் வைத்துப் போட்டார். ஓடையிலிருந்து திரும்பிய மாசானமுத்து பதறிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது? இங்கன போட்டா ஐயாவுக்குப் புகையடிக்கும். நாங்க வேற கத்திக்கிட்டுக் கெடப்போம்."

"கத்துங்க" என்றார் அண்ணாச்சி.

"ஐயாவுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"அதை ஐயாகிட்டக் கேளுங்க. நான் இத்தனை நாளா கேக்கலை."

மாசானமுத்து ஐயாவைப் பார்த்தார். ஐயா பெரிய கூடாரத்தின் ஒரு முளையை மிதித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சாப்பாட்டின்போது ஜெபஸ்டின் பஸ் கதை கேட்க, ஐயா தென்காசி ரூட்டில் ஆடு ஏற்றிய கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. செண்பகக்கனிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஐயாவும் பெரிய கூடாரத்துக்குள் போனார். வாசலை மூடவில்லை.

ஒத்தை ஆள் கூடாரம் மூட்டைக்குள்ளேயே இருந்தது. அண்ணாச்சி அதை எடுக்கவில்லை. பாயையும் போர்வையையும் கையில் பிடித்துக்கொண்டு பெரிய கூடாரத்துக்கு வெளியே நின்றார். கூப்பிடுவார் என்று நினைத்தார். ராத்திரி படுத்துப் பார்த்தாயிற்று, காலையில் வீங்கிய கண்ணை ஐயாவும் பார்த்தாயிற்று, இனிமேலும் கூப்பிடாமல் இருப்பாரா? கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கயிறெல்லாம் விறைப்பாகத்தான் இருந்தது. இருமினார். உள்ளேயிருந்து சத்தமில்லை.

நெஞ்சில் அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்தது. யாருமே கூப்பிடவில்லை, ஐயாகூடக் கூப்பிடவில்லை. சுவரோரம் கிடந்த மூட்டையை ஒருமுறை பார்த்தார். எடுத்துப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. வாழ்நாள் பூராவும் வெளியே நின்ற காலுக்கு இன்னும் ஒரு ராத்திரி நிற்பதா கஷ்டம்? இரண்டு அடி மூட்டையைப் பார்த்து நடந்தும்விட்டார்.

அப்புறம் திரும்பினார். ஐயா எத்தனை ராத்திரி அந்தச் சன்னலுக்கு அடியில் காதை வைத்துக் கிடந்திருப்பார் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது, இந்த வயசில் இப்படிக் கேட்பதற்கு. பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் குனிந்தார்.

"ஐயா."

"ம்."

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"உள்ள..." அண்ணாச்சி பாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உள்ள எனக்கு இடம் இருக்குமா ஐயா?"

உள்ளே ஐயா ஒரு பக்கமாக நகர்ந்து படுக்கிற சத்தம் கேட்டது.

"மூணு பேரு டென்ட் அண்ணாச்சி. பார்த்து எடுத்தது நீங்கதான?"